அம்மாவின் கட்டிலருகே 11 நாட்கள்: கொழும்புத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் தாதியர் சேவை

வெள்ளவத்தை வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எங்கள் அம்மா, கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் 11 நாட்கள் இருந்தார். அறையின் வசதியையும் கட்டணத்தையும் பற்றி விசாரிக்க எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அங்குள்ள தாதியர் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வைத்தியர் ஒரு நாளில் அம்மாவின் கட்டிலருகே நின்றது பத்து நிமிடங்களுக்கு மேல் இராது. மீதி நேரமெல்லாம் அம்மாவின் உடலும் மானமும் தாதியரின் கைகளில்தான் இருந்தன.

சேர்த்த அன்று மாலையே சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை அனுமதிப் பிரிவிலிருந்து கொண்டுவந்து என் அண்ணாவிடம் நீட்டினார்கள். 74 வயதான அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வலியில் துடித்தாரே தவிர அறிவு மிகத் தெளிவாக இருந்தது. ஆயினும் அண்ணா பேனாவை எடுத்துவிட்டார், ஏனெனில் மகன் இருக்கும்போது தாயிடம் யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். அப்போது மலையகத்தைச் சேர்ந்த ஓர் இளம் தாதி குறுக்கிட்டு, அம்மா சுயநினைவோடு இருப்பதால் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னார். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. சத்திரசிகிச்சையை விளக்குவது வைத்தியரின் கடமை என்பதால் அதைத் தானே சொல்லி முடித்துவிடாமல், வைத்தியரை மீண்டும் வரவழைத்து, அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எடுத்துரைத்து, அம்மா தன் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே சாட்சியாகத் தன் பெயரை எழுதினார். இதற்கு அரை மணி நேரம் பிடித்தது. சுயநினைவுள்ள வயதுவந்த ஒருவரின் உடலில் அவரது சம்மதமின்றிக் கைவைக்க எவருக்கும் சட்டத்தில் உரிமையில்லை, பிள்ளைகள் எத்தனை பேர் கையெழுத்திட்டாலும் அது மாறாது என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழ் அரசகரும மொழியாகிய நாட்டில், தலைநகரின் தனியார் வைத்தியசாலை ஒன்று தமிழில் ஒரு சம்மதப் படிவத்தை வைத்திருக்கவில்லை என்பது பெரிய குறை. ஒரு தாதியின் நல்ல மனம் அன்று அக்குறையை நிரப்பியது. அவர் விடுமுறையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

நான்காம் நாள் இரவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரவு 8 மணிக்குக் கொடுக்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை மாலை ஷிப்ட் தாதி வீடு திரும்பும் அவசரத்தில் ஏழரைக்கே கொடுத்துவிட்டு, மருந்து அட்டையில் கையொப்பமிடாமல் போய்விட்டார். இரவுக்கு வந்த தாதி அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, நோயாளியின் பெயர், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் என்ற ஐந்தையும் சரிபார்த்து மீண்டும் கொடுத்தார். அரைத் தூக்கத்தில் விழுங்கிய பிறகே அம்மா, "பிள்ளை, இது இப்பதானே குடிச்சனான்" என்றார். அந்தத் தாதி ஒரு கணம் அசையாமல் நின்றார். அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று சொல்லிக் கடந்து போயிருக்கலாம், நாங்களும் நம்பியிருப்போம். அவர் அப்படிச் செய்யாமல், முன்னைய தாதியைத் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டு, கடமையிலிருந்த வைத்தியருக்கு அறிவித்து, எங்களிடம் வந்து, மாத்திரை இரண்டு தடவை போயிருக்கிறது, அழுத்தம் இறங்கக்கூடும், இன்றிரவு எந்தக் காரணத்துக்காகவும் அம்மாவை எழுப்பி உட்கார வைக்க வேண்டாம் என்று நேரடியாகச் சொன்னார். நள்ளிரவு வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும், அதன் பின் மணிக்கொரு தடவையும் அழுத்தம் பார்த்தார். நடந்ததை நேரத்தோடு அம்மாவின் பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டில், எழுதி, சம்பவ அறிக்கையும் எழுதினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை பொறுப்பிலிருந்த ஒருவர், "ஒன்றும் ஆகவில்லையே, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்நாட்டில் கவனக்குறைவுக்கு நட்டஈடு கோரும் வழக்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியே வருகிறது. அங்கே தீங்கு நேர்ந்ததைக் காட்ட வேண்டும். ஆகவே சட்டப்படி எங்களிடம் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் தாதியரின் ஒழுக்கம் தீங்கு நேரும்வரை காத்திருப்பதில்லை. ஒரு கையொப்பம் விடுபட்டதால் மாத்திரை இரட்டித்தது. அடுத்த முறை அது இன்சுலினாகவும் இருக்கலாம். உண்மையைச் சொன்ன தாதியின் துணிவை மதிக்கும் நிர்வாகமாக இருந்தால், அவர் எழுதிய அறிக்கையைப் பெரிதாகத்தான் எடுத்திருக்கும்.

அந்தரங்கத்தைப் பேணுவதில் இவ்விடுதி பின்தங்கியிருக்கிறது. ஷிப்ட் மாறும்போது நோயாளியின் விபரங்களை அடுத்த தாதியிடம் கட்டிலருகே நின்று உரத்த குரலில் சொல்லி ஒப்படைப்பார்கள். அம்மாவின் சிறுநீர்க் குழாய் விபரம் எதிர்க் கட்டிலுக்கு வந்த விருந்தினருக்கும் கேட்டது. ஒரு வாரத்தில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் ஒருவர் என்னிடம் அதைப் பற்றியே நலம் விசாரித்தார். அம்மா அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைக்கிறது. எனினும் திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவதற்குச் சட்டம் தேவைப்படக் கூடாது.

அங்கு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை உடையில் வருபவர் தாதியா, பயிற்சி பெறுபவரா, உதவியாளரா என்பது உடையைப் பார்த்துத் தெரியவில்லை. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை தாதியர் பேரவை இருக்கும்போது, ஊசி போட வருபவர் பதிவுபெற்ற தாதியா என்று பணிவாகக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. நாங்கள் கேட்டபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

உடல் பராமரிப்பில் குறை சொல்ல இடமில்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார்கள். 11 நாட்களில் படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில், இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை எனக்குப் பழக்கி, நானே ஒரு தடவை போட்டுக் காட்டும் வரை அந்த மலையகத் தாதி விடவில்லை. மருந்துப் பெட்டிகளின் மேல் "காலை", "இரவு" என்று தமிழில் எழுதித் தந்ததும் அவர்தான்.

அவரைப் பாராட்டியும், மொழி, கையொப்பம், அந்தரங்கம் ஆகிய மூன்றைப் பற்றி முறையிட்டும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் வைத்தியசாலைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கும் பிரதி அனுப்பினேன். தமிழ்ப் படிவம் தயாராகிறது என்றும் ஒப்படைப்பு முறையை மாற்றுவோம் என்றும் வைத்தியசாலையிலிருந்து பதில் வந்திருக்கிறது. வெறுமையாக விடப்பட்ட அந்தக் கட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதைக் கேட்டு இரண்டாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன்.