யோஷிதாவின் தாஜ்மகால் படம் வாங்குவதற்கு முன்: ஓரத்தை மறைத்து விற்கிறார்கள்

‘1931, அசல் மரஅச்சு, ஜிஸூரி முத்திரையும் பென்சில் கையொப்பமும் உண்டு’ என்ற விவரத்தோடு, கண்ணாடிச் சட்டம் போட்டபடியே இணைய ஏலத்தில் விற்கப்பட்ட ஜப்பானிய ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் தாஜ்மகால் படம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், ஓவியர் இறந்த பிறகு எடுத்த பிரதியாக இருக்கிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். சட்டத்தைத் திறந்துவிட்டீர்கள், இனி எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். திறந்தாலொழியப் பார்க்க முடியாதபடி நான்கு பக்கமும் ஒட்டி அனுப்பியவரும் அவரேதான்! புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. செய்த விதம் தெரிந்தால் இதே வேலையை யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

யோஷிதா (1876–1950) முதலில் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவிடம் படம் கொடுத்தவர். 1923இல் டோக்கியோவைத் தாக்கிய கான்தோ நிலநடுக்கத் தீயில், அந்தப் படங்களைச் செதுக்கியிருந்த மரக்கட்டைகள் போயின. 1925இல் சொந்தப் பட்டறை தொடங்கி, செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் தன் கண்ணெதிரே வைத்து வேலை வாங்கினார். தன் மேற்பார்வையில் எடுத்த தாள்களுக்கு ஓரத்தில் ‘ஜிஸூரி’ (தானே அச்சிட்டது) என்ற சிறு முத்திரை விழும். 1930–31இல் மகன் தோஷியுடன் இந்தியா வந்து போன பிறகு வெளிவந்தவைதான் தாஜ்மகால் படங்கள். 1950க்குப் பிறகும் குடும்பத்தார் அதே கட்டைகளில் அச்சிட்டு விற்றார்கள். அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அந்தப் பிரதிகளில் ஜிஸூரி இருக்காது, கையொப்பம் அச்சாக விழுந்திருக்கும், விலையும் அதற்கேற்பக் குறைவு. ஜிஸூரி உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை பல மடங்கு வேறுபடுகிறது. பிற்காலப் பிரதி ஒன்றை வாங்கி ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் அவ்வளவும் லாபம்.

வழக்கமாகச் சொல்லப்படும் சோதனைகள் இங்கே கைகொடுக்காததற்குக் காரணம் இதுதான். 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் இயந்திர அச்சில் விழும் ஆப்செட் புள்ளிகள் இல்லை, வண்ணம் தட்டையாக நாருக்குள் இறங்கியிருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் நிறம் ஊடுருவித் தெரிகிறது, தாளைக் கட்டைமேல் அழுத்தும் ‘பாரென்’ வட்டு தேய்த்த வட்டத் தடமும் இருக்கிறது. அத்தனையும் சரி. கட்டை அதே கட்டை, தாளைக் கையால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள், வேறு எப்படி இருக்கும்? உருப்பெருக்கி மரஅச்சா இல்லையா என்பதைத்தான் சொல்லும். எந்தக் காலத்தில் எடுத்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ‘நிபுணர் பார்த்தார், மரஅச்சுதான்’ என்று விற்றவர் அனுப்பிய சான்றிதழும் இதே அரை உண்மைதான். எழுதியவர் யார், எதை ஒப்பிட்டார் என்று ஒரு வரி இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

‘1931’ என்பதிலும் இதே வேலை. இடப்பக்க ஓரத்தில் தலைப்போடு ‘ஷோவா 6’ (ஜப்பானியக் கணக்கில் 1931) என்று இருப்பது கட்டையிலேயே செதுக்கியது, படம் உருவான ஆண்டு. 1960இல் எடுத்த தாளிலும் அதே எழுத்துதான் விழும். அதைக் காட்டி ‘1931ஆம் ஆண்டு அச்சு’ என்று விற்கிறவர் ஒன்று தெரியாதவர், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவர்.

இந்தப் படத்தில் மாட்டிக்கொடுத்தது ஓரம். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை ஓரம் முழுவதும் மூடும்படி வெட்டி, முத்திரைக்கு மட்டும் இடது மேல்மூலையில் ஒரு சின்னச் சாளரம், கீழே கையொப்பத்துக்கு இன்னொன்று விட்டிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். அட்டையைத் தூக்கியதும், முன்பு எப்போதோ போட்டிருந்த வேறொரு அமில அட்டை விட்ட பழுப்புக் கோடு ஓரம் நெடுகத் தெரிந்தது. அந்தக் கோடு முத்திரை இருக்கும் இடத்தின் வழியாகப் போகிறது. முதலிலேயே குத்திய முத்திரை என்றால் தாளோடு சேர்ந்து மையும் மங்கியிருக்க வேண்டும். இங்கே கறை அடியில் கிடக்க, மேலே மை நேற்றுக் குத்தியது போலப் பளிச்சென்று இருக்கிறது. பின்பக்கம் அதே இடத்தில் எண்ணெய் ஊறிய சிறு வளையம் வேறு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கழகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் யோஷிதா படங்கள் இருக்கின்றன. ஜிஸூரி தெளிவாக விழுந்த ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கி, கோடுகளின் கனத்தையும் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரப்பர் முத்திரை என்றால் கோட்டின் முனை மழுங்கியிருக்கும், விளிம்பில் மை பிதுங்கி நிற்கும்.

கையொப்பத்துக்குச் சாய்வு வெளிச்சம் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளோடு படுக்கவைத்தாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். உண்மையான பென்சில் கோடு ஒரு கோணத்தில் வெள்ளி போல மின்னும், அழுத்திய இடத்தில் தாள் குழிந்திருக்கும், தொடக்கமும் முடிவும் ஒரே கனத்தில் இருக்காது. அச்சில் விழுந்த கையொப்பம் எந்தக் கோணத்திலும் ஒரே சாம்பல் நிறம், மினுமினுப்பு இல்லை. அழிப்பானால் தேய்த்துப் பார்க்கலாமே என்று தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: அச்சுக் கையொப்பம் இருந்தாலே இறந்த பிறகு எடுத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யோஷிதாவின் கடைசி ஆண்டுகளில், போருக்குப் பிறகு வாங்குவோர் பெருகியபோது, ஜிஸூரியும் அச்சுக் கையொப்பமும் சேர்ந்த தாள்கள் வந்ததுண்டு. வதனபேயிடம் எடுத்த தொடக்ககாலப் படங்களில் ஜிஸூரியே கிடையாது. முத்திரை, கையொப்பம், தாளின் நிலை மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வானத்தைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஈரக் கட்டையில் வண்ணத்தைப் பரப்பி மங்க வைக்கும் பொகாஷியில் நேரமும் கைப்பக்குவமும் தேவை. ஓவியர் தலைமேல் நின்று எடுத்த தாளில் நிறம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. பிற்காலப் பிரதிகளில் அந்த இறக்கம் திடீரென்று நிற்பதுண்டு. ஒரே கட்டைகளில் வண்ணத்தை மாற்றிக் காலை, மாலை, இரவு என்று தனித்தனிப் படமாக எடுப்பது யோஷிதாவுக்குப் பழக்கம். 1926 பாய்மரப் படகுப் படங்கள் நல்ல உதாரணம். ஆகவே நிற வேறுபாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதென்றால் அதே படத்தின் அதே வண்ணப் பதிப்போடு ஒப்பிடுங்கள்.

19ஆம் நூற்றாண்டு மரஅச்சு ஓவியர்கள் ஹொகுசாய், ஹிரோஷிகே பெயரில் நடப்பது இன்னும் கச்சா வேலை. ஹொகுசாயின் ‘பேரலை’ பிரதி ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது சில ஆயிரம் ரூபாய்க்கு வந்தால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. டோக்கியோவிலும் கியோத்தோவிலும் புதிதாகக் கட்டை செதுக்கி எடுக்கும் மறுபதிப்புகள் நேர்மையான சரக்கு. பதிப்பகம், செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டுப் ‘பழையது’ என்று விற்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் ‘கிவமே’ தணிக்கை முத்திரையைக் காட்டுவார்கள். மறுபதிப்பில் அதையும் சேர்த்தேதான் செதுக்குகிறார்கள்.

வாங்கும்முன் கேட்க வேண்டியவை: சட்டம், மவுண்ட் இரண்டையும் எடுத்துவிட்டு நான்கு ஓரமும் தெரியும் முழுப்படம், பின்பக்கம் முழுவதும், முத்திரையும் கையொப்பமும் தனித்தனியே கிட்டத்தில், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒன்று. தாளின் அளவையும் கேளுங்கள். இந்தப் படங்களின் தாள் சுமார் 27க்கு 40 செ.மீ. படத்தின் விளிம்பு வரைக்கும்தான் தாள் இருக்கிறது என்றால் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. ‘சட்டத்தைப் பிரித்தால் படம் கெடும்’ என்ற பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ‘யோஷிதா காலத்து ஜிஸூரிப் பிரதி, பொய்யானால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன், சட்டத்தைத் திறந்தாலும் இது பொருந்தும்’ என்று ஏலத்தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கினால் தளம் கணக்கில் எடுக்காது. நேரடி வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். கார்டில் கட்டினால் ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்று வங்கியிடம் மறுப்புத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது, அதற்கும் கெடு உண்டு.

பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து மவுண்டைத் தூக்குவது வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். அட்டை, டேப், பின்பலகை எதையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தப் புகாரில் சாளரம் வெட்டிய அந்த மவுண்ட்தான் வலுவான சாட்சியாக நிற்கிறது. போலி முத்திரையை அழிக்கவும் முயலாதீர்கள்: எண்ணெய் மை தேய்த்தால் பரவும், ஆதாரமும் போகும். வழக்கு முடிந்து படம் உங்களிடமே தங்கிவிட்டால் அமில அட்டையை மாற்றி, கோஸோ என்ற ஜப்பானிய நார்த்தாளில் செய்த கீலோடு கோதுமைக் கஞ்சிப் பசையில் பொருத்தி, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பிறகு விற்க நேர்ந்தால், பிற்காலப் பிரதி, முத்திரை பின்னால் குத்தியது என்று எழுதியே விற்க வேண்டும்.