ரவிவர்மாவின் சகுந்தலை: கேன்வாஸ் பிரின்ட் வாங்கிய அனுபவம்

ஹாலில் மாட்டுவதற்காக ராஜா ரவிவர்மாவின் சகுந்தலை படத்தை ஆன்லைனில் வாங்கினேன். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் படம். இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ், மரச்சட்டத்தோடு 2,800 ரூபாய்.

முதலில் வந்த பிரின்ட் சரியில்லை. எல்லாமே மஞ்சளடித்துப்போய் முகத்தின் நிழலே காணோம். போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுபேச்சு பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது அருமை. கிட்டப் போய்ப் பார்த்தால் கருவிழி கடைக்கண்ணுக்கு ஒதுங்கியிருப்பதும், தூக்கிய பாதத்தை விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதும் துல்லியமாகத் தெரிகின்றன. முள்ளை எடுக்கிற விரல்கள் அப்படி இருக்காது. பொய் சொல்கிறாள் என்று விரலை வைத்தே காட்டிவிட்டார் மனிதர்!

அவள் திரும்பிப் பார்க்கிற காதலன் துஷ்யந்தன் படத்துக்குள் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவன் நிற்கும் இடத்தை அவள் பார்வைதான் காட்டுகிறது. நம் சினிமாவில் கதாநாயகி நாலு அடி நடந்து, ஏதோ ஒரு சாக்கில் நின்று திரும்புவாள். கேமரா அவள் முகத்திலேயே நிற்கும். அந்த ஷாட்டை ரவிவர்மா நம் சினிமாவுக்கு முன்பே தூரிகையால் எடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொடர்பும் இல்லாமல் இல்லை. 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் பின்னாளில் வேலை பார்த்தவர் தாதாசாகேப் பால்கே. 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்ற சினிமாவை எடுத்தவர். 2020-ஆம் ஆண்டுக்கு போட்டோகிராபர் ஜி. வெங்கட் ராம் நம் நடிகைகளை வைத்து ரவிவர்மா ஓவியங்களைப் போட்டோவாக எடுத்த காலண்டரும் நினைவிருக்கும்.

அம்மாச்சி வீட்டுப் பூஜையறையில் ஒரு பழைய லட்சுமி படம் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சுக்கல் என்று வைத்து அச்சடித்த காலத்துப் படம். சேலைக் கரையில் யாரோ ஜரிகை ஒட்டியிருக்கிறார்கள். அதன் ஆழம் இந்த பிரின்டில் கிடையாது. கேன்வாஸ் என்றாலும் மேற்பரப்பு தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் முகம் தப்பவில்லை, அது போதும் எனக்கு.

ஒரே குறை ஓரம். கேன்வாஸைச் சட்டத்தில் மடித்து அடிக்கும்போது நாலு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போய்விடுகிறது. காலடித் தரை அப்படித்தான் போயிற்று. ஆர்டர் போடும்போதே சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அச்சடிக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம், டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், வார்னிஷ் பளபளத்து முகம் மறைகிறது. நான் ஜன்னல் ஓரச் சுவருக்கு மாற்றிவிட்டேன்; சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அவள் இப்போதுதான் திரும்பினாள் போலிருக்கிறது.