பழைய கார் பட்டறைக்கு 200 ஆம்ப் மிக் மெஷின்: தகரத்தில் எப்படி ஓடுகிறது?

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு வண்டிகளை எடுத்துச் செய்யச் சின்னப் பட்டறை போடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லிஃப்டும் கம்ப்ரஸரும். ஆனால் இந்த வண்டிகளைத் தின்பது துரு. இஞ்சினைக் கழற்றி வெளியே போரிங்குக்கு அனுப்பலாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டித் தகரம் அரித்துப்போனால், அதைப் பட்டறையிலேயே வெட்டி ஒட்டியாக வேண்டும். அதனால் சிங்கிள் பேஸில் ஓடும் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மிக் மெஷினை, அதாவது ஒயரைத் தானே தள்ளிக்கொடுத்து ஒட்டும், பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் மெஷினை, முதல் செலவாக வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் 200 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 கேஜ் (0.9 மி.மீ.) தகரத்துக்குத் தேவை 40 முதல் 60 ஆம்ப், 16–17 வோல்ட். அந்த அளவில் ஆர்க் (ஒயர் நுனியில் எரியும் மின்பொறி) தடுமாறாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. கடைக்கு இரண்டு 20 கேஜ் துண்டுகளை எடுத்துப்போய் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வெடித்தால் ஒயரைத் தள்ளும் ஃபீடரையும் செட்டிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

60 ஆம்பில் தகர வேலைக்கு 15 ஆம்ப் பிளக் தாங்கும். முழு 200 ஆம்பில் இழுத்தால் தாங்காது. அதற்குத் தனி லைனும் 32 ஆம்ப் எம்.சி.பி.யும் வேண்டும்.

கேஸ் இல்லாமலும் ஓடும் என்று விற்கிறார்கள். ஓடும்தான். ஆனால் அதற்குப் போடும் ஃபிளக்ஸ் ஒயர் (உள்ளே பொடி நிரப்பியது) சூடு அதிகம், மெல்லிய தகரத்தில் ஓட்டை விழும், கசடு தட்ட வேண்டும். பாடி வேலைக்கு 0.8 மி.மீ. சாலிட் ஒயரும் ஆர்கான் 80, சி.ஓ.டூ 20 கலவையும் சரியாக வரும். சி.ஓ.டூ மட்டும் போட்டால் மலிவு, ஆனால் தெறிப்பு கூடும். கேஸ் நிமிடத்துக்கு 8–12 லிட்டர் போதும். ஃபேன் ஓடினால் கேஸ் கலைந்து பீடில், அதாவது ஒட்டிய கோட்டில், நுண்துளை விழும். ஒயரை மாற்றும்போது போலாரிட்டியையும் மாற்றுங்கள்: சாலிட் ஒயர், கேஸ் என்றால் டார்ச் பாசிட்டிவில், கேஸில்லா ஒயர் என்றால் நெகட்டிவில். புது மெஷினில் தெறிப்பு தாங்கவில்லை என்கிற புகாருக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கும்.

தகரத்தில் நீளக் கோடு இழுக்கவே கூடாது. ஓரங்களுக்கு நடுவே ஒயர் தடிமன் இடைவெளி விட்டு, 25–30 மி.மீ.க்கு ஒரு புள்ளி. கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு நடுவே அடுத்த புள்ளி, அடுத்தடுத்து வைக்காமல் தள்ளித் தள்ளி. அவசரப்பட்டால் தகரம் உப்பி நெளியும், பிறகு கிலோ கணக்கில் பட்டி பூசித்தான் மறைக்க வேண்டும். பின்னால் செம்புப் பட்டை பிடித்தால் ஓட்டை விழுவது குறையும். இரண்டு தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்திருந்த பழைய ஸ்பாட் வெல்டின் இடத்தில் மேல் தகரத்தில் 8 மி.மீ. துளை போட்டு, 80–90 ஆம்பில் அடித்தகரத்தில் தொடங்கி நிரப்புங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரமென்றால் ஓரத்தில் 20 மி.மீ. துத்தநாகத்தைத் தேய்த்தெடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும், பீடும் கெடும்.

அம்பாசடரும் பத்மினியும் மோனோகாக், அதாவது தனிச் சேசிஸ் இல்லாமல் பாடியே சுமை தாங்கும் வகை. சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் 25 மி.மீ. சதுரப் பைப்பைக் குறுக்கே டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து, மூலைவிட்டம் அளந்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். தவறினால் கதவு பிறகு மூடாது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, அதனால் பாடியை வெட்டினாலும் வண்டி தொய்வதில்லை. அங்கே துருவைச் சேசிஸிலும் தேடுங்கள். எந்த வண்டியானாலும் பேட்டரி வயர் கழற்றியிருக்க வேண்டும். டிக்கிப் பக்க வேலை என்றால் பெட்ரோல் டேங்க் பட்டறைக்கு வெளியே.

இந்த மெஷினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. மிக் பீடு கடினமானது. சுத்தியலால் தட்டி நேராக்க வராது, தட்டினால் ஓரத்தில் வெடிக்கும். புளோர், சில், உள் பெட்டிகளுக்கு இதில் பிரச்சினை இல்லை. மட்கார்டு, பானட் போன்ற வெளித்தகரத்தில் பட்டியில்லாமல் முடிக்க நினைத்தால் ஆக்சி-அசிட்டிலீன் வெல்டே இன்றும் மேல், அது மென்மையாகத் தட்டுக்கு இணங்கும். பழைய டிங்கரின் கேஸ் செட்டையும் சின்ன நாசில்களையும் விற்றுவிடாதீர்கள்.