விதை உளுந்துக்கு மாத்திரையா, காற்றுப்புகாப் பையா?

காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தையில் தெளித்தது பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். அதில் விதைக்கென்று ஒதுக்குவது அடுத்த தை வரைக்கும், ஏறத்தாழ ஒன்பது மாதம் தாங்க வேண்டும். பயறு வண்டுக்கு நம் வெக்கையில் ஒரு தலைமுறை முடிய நாலு வாரம் போதும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். போதாக்குறைக்கு, செடியில் நெற்று காயும்போதே வண்டு வந்து முட்டை வைத்துவிடுகிறது. வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் எதிரி மூட்டைக்குள்ளேயே வந்து சேர்ந்துவிடுகிறான்.

இதைச் சமாளிக்கப் பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பது மாத்திரையைத்தான். அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். செலவு என்று பார்த்தால் இதற்குப் போட்டியே கிடையாது. மூட்டை அடுக்கிய அட்டியின் நடுவரை ஊடுருவும், தானியத்தைப் பிரித்துக் கொட்ட வேண்டியதில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் போன்ற பெரிய இடங்களில் அட்டி முழுவதையும் உறையால் மூடி, தரையோரம் வாயு கசியாமல் அடைத்து, ஒரு வாரம் போல விட்டு வைத்தால் வேலை கச்சிதமாக முடியும்.

அந்த ஒரு வாரம்தான் சிக்கல். முட்டையும் கூட்டுப்புழுவும் குறைவாகவே மூச்சு விடுபவை, அதனால் வாயுவைக் கொஞ்சமாகவே உள்ளே இழுக்கும். வளர்ந்த வண்டு செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே உறையை எடுத்தால், உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். ஓட்டை உறைக்குள் அரைகுறையாகச் செய்தாலும் அதே கதை. பிழைத்தவற்றின் வாரிசுகள் கொஞ்சம் கொஞ்சமாக மருந்துக்கு அசராதவையாக மாறிவிடும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1972-73இல் உலக அளவில் எடுத்த கணக்கெடுப்பிலேயே பாஸ்பீன் எதிர்ப்பு தென்பட்டது. இன்று இந்தியக் கிடங்குகளில் சிவப்பு மாவு வண்டும் தானியத் துளைப்பானும் இதில் கைதேர்ந்தவை.

இன்னொன்று, வாயு போனதும் பாதுகாப்பும் போய்விடும். சாக்கின் இழை வழியாகப் புது வண்டு அடுத்த வாரமே உள்ளே வரலாம். வீட்டில் வைப்பதைப் பற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இந்த வாயுவுக்கு மாற்று மருந்து இல்லை. சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய் ஆளையே கொன்றிருக்கிறது. சட்டப்படியும் அரசு நிறுவனங்களும் பயிற்சி பெற்று அங்கீகாரம் வாங்கியவர்களும் மட்டுமே இதைக் கையாளலாம். கடையில் சில்லறையாகக் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, பைக்கு வருவோம். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக்கும் அவரது குழுவும் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறைக் காக்க ஒரு பையை உருவாக்கினார்கள். உள்ளே தடித்த பாலித்தீன் பை இரண்டு, வெளியே பின்னல் சாக்கு ஒன்று. அங்கே அவர்களை வாட்டியதும் நம் உளுந்து, பாசிப்பயறைத் துளைக்கும் அதே வண்டு இனம்தான். மருந்து எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் வண்டும் புழுவுமே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். வண்டு அதிகமாக இருந்தால் சீக்கிரம் தீரும், குறைவாக இருந்தால் மெதுவாகத் தீரும்.

வண்டு சாகும் விதம் சுவாரசியமானது. காய்ந்த பயறுக்குள் குடிக்கத் தண்ணீர் ஏது? தின்ற மாவுச்சத்தை ஆக்சிஜனோடு எரித்துத்தான் புழு தனக்கு வேண்டிய நீரைத் தன் உடம்புக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் நின்றால் அந்த நீரும் நின்றுவிடும். முதலில் தின்பதை நிறுத்தும், அப்புறம் மெல்ல உலர்ந்தே சாகும். வட கர்நாடகத்தில் ஹகேவு என்கிற நிலக்குழியில் சோளத்தைக் கொட்டி வாயை மூடி வைத்த பழக்கத்திலும் காற்றைப் பூட்டும் இந்த வேலை இருந்தது. நம் வீடுகளில் பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவதும் தூரத்துச் சொந்தம்தான்: பயறின் மேல் ஒட்டியிருக்கும் முட்டையின் மூச்சை எண்ணெய்ப் படலம் அடைத்துவிடுகிறது. சில கிலோ பருப்புக்கு அது போதும். மூட்டைக் கணக்கில் கட்டுப்படியாகாது.

பைக்கும் பலவீனங்கள் உண்டு. முதலாவது ஈரம். சாக்கில் கொஞ்சம் ஈரத்தோடு வைத்தால் ஆறிக் காய வாய்ப்புண்டு, காற்றுப்புகாப் பையில் அந்த ஈரம் அப்படியே அடைபடும். புளித்த வாடை வரும், முளைப்புத்திறன் விழும். அதனால்தான் விதைச் சான்று விதிகள் உளுந்துக்குச் சாதாரண சாக்கில் 9 சதவீத ஈரம் வரை விடுகின்றன, ஈரம் புகாத உறைக்கு 8 சதவீதம்தான். பல்லில் கடித்துப் பார்த்து 8க்கும் 10க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. ஈரமானி வேண்டும். அடுத்தது நம் கைப்பழக்கம். நாலு நாளுக்கு ஒருமுறை திறந்து கையை விட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் புதுக்காற்றைக் கொடுத்து வண்டை எழுப்பிவிடுகிறோம். பிறகு எலி. ஒரு கடியில் எல்லாம் வீண். சுவரை ஒட்டாமல், பலகை மேல் வைப்பதைத் தவிர வழியில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பைக்குள்ளேயே மாத்திரையும் போடலாமே என்று தோன்றக்கூடும். வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பையைத் திறக்கிறவர் முகத்தில்தான் அடிக்கும்.

மூன்றாவது வழி, வெளியிலிருந்து வாயு செலுத்துவது. நைட்ரஜனும் கரியமில வாயுவும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நடத்தையில் வேறு. நைட்ரஜனால் கொல்ல ஆக்சிஜன் 1 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வாரம். உறைக்குள் பத்தில் ஒரு பங்கு வெளிக்காற்று புகுந்தாலே ஆக்சிஜன் 2 சதவீதம் ஏறிவிடும், பாடெல்லாம் வீண். கரியமில வாயு அப்படிப் பயமுறுத்தாது. 60 சதவீதத்தில் வைத்தது கசிந்து 54 ஆனாலும் கொல்லும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஏனென்றால் அது ஆக்சிஜனை விரட்டுவதோடு பூச்சியின் மூச்சுத்துளைகளைத் திறந்தே வைத்து உடம்பின் நீரை வடியவும் விடுகிறது. சீனாவின் அரசுத் தானியக் கிடங்குகள் நைட்ரஜனைப் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன, ஆனால் அவை கசியாமல் கட்டப்பட்ட கிடங்குகள். நம் ஊர்க் கிட்டங்கிகளின் கதவிடுக்கைப் பார்த்தால் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

என் தேர்வு இப்படி. இரண்டு மாதத்துக்குள் விற்கப்போகும் உளுந்துக்கு எதுவும் வேண்டாம், நன்றாகக் காயவைத்துச் சீக்கிரம் தள்ளிவிடுங்கள். விதைக்கு எடுத்து வைக்கும் ஐந்து பத்து மூட்டைக்கு, கண்ணை மூடிக்கொண்டு பை. சாக்கைவிட விலை கூடத்தான், ஆனால் கிழியாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கும் ஆகும். நூற்றுக்கணக்கான டன் வைத்திருக்கும் கிடங்குக்கு மாத்திரையை இன்றைக்கு யாரும் கைவிட முடியாது. உறையையும் நாட்களையும் ஒழுங்காகப் பின்பற்றச் சொல்லலாம். இடையில் நிற்பவர்கள்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். இயற்கை வேளாண் சான்று வாங்கிய பயறு என்றால் மாத்திரைப் பக்கம் போகவே முடியாது. அவர்களுக்கு அட்டியை மூடும் கனத்த உறையும் கரியமில வாயு சிலிண்டரும் பொருந்தும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியிலிருந்து விட்டு மேலே காற்றை வெளியேற்ற வேண்டும். வேலை முடிந்து உறையைப் பிரிக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். தரையோரம் தேங்கும் வாயு, குனிந்து மூட்டை தூக்குகிறவரை மயக்கிவிடும்.