மண்கரையா, தடுப்பணையா, தொட்டியா?

காட்டோர ஓடையில் மழைத்தண்ணீரை நிறுத்தி, கிணற்றுக்கும் ஊற வேண்டும், மானும் பறவையும் பிழைக்க வேண்டும் என்றால் பேச்சு மூன்றில் வந்து நிற்கும்: மண்கரை போட்ட குட்டை, கான்கிரீட் தடுப்பணை, சிமெண்ட் தொட்டி.

தொட்டி அவசரத்துக்கு. கோடையில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது இதில்தான். கடும் வறட்சியில் இதை விட்டால் கதியில்லை. ஆனால் தாகம் தீருவதோடு சரி. தவளை முட்டையிட அங்கே சேறு ஏது? கிணற்றுக்கும் சொட்டு ஊறாது.

தடுப்பணை, இரு பக்கமும் பாறையாக, ஓடை குறுகலாக இருக்கும் இடத்தில் கெட்டிக்காரன். வெள்ளம் தலைக்கு மேல் போனாலும் அசையாது. ஆனால் தண்ணீர் ஓடைக்குள்ளேயே நிற்கும், பரவாது. மணலும் வண்டலும் வந்து மேவிவிட்டால் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

தரை பரந்து, களிமண்ணும் கிடைத்தால் என் ஓட்டு மண்கரைக்கே. உள்பக்கம் தரை மெல்லச் சரிவதால், தண்ணீர் வற்ற வற்றச் சேற்று விளிம்பு உள்ளே நகர்ந்துகொண்டே போகும். உள்ளானும் கொக்கும் இரை பொறுக்குவது அந்த விளிம்பில்தான். சுமார் 30 ஹெக்டேர் வேடந்தாங்கலும் மண்கரை ஏரிதான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியது சும்மா இல்லை.

மண்கரையின் எமன் கலங்கல், அதாவது குட்டை நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. அதைச் சின்னதாகக் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்த காசில் கரையை உயர்த்துகிறார்கள். பெருமழையில் தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தால் ஓர் இரவுகூடத் தாங்காது. அப்புறம் எலி வளை, நண்டு வளை. முதலில் நூலளவு கசியும், பிறகு மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் நடந்து பார்க்காத கரையைக் கட்டாமலே இருக்கலாம். இந்த வேலை தடுப்பணையில் குறைவு, உண்மைதான்.

இன்னொன்று, தூர் வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி, குட்டையைச் செங்குத்தான பெட்டியாக்கிவிடாதீர்கள். கொள்ளளவு கூடும், உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது. நடுவில் ஆழப்படுத்துங்கள், ஓரச் சரிவை விட்டுவையுங்கள்.