பிடிஎச் குறைந்தால் இதயம் தப்புமா? வைட்டமின் டி, சினாகால்செட், அறுவை சிகிச்சை

சிறுநீரகம் மந்தமானால் பாஸ்பரஸ் தேங்கும், வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவது குறையும், கால்சியம் இறங்கும். அதை ஈடுகட்ட, கழுத்திலுள்ள அரிசிமணி அளவு பாராதைராய்டு சுரப்பிகள் நான்கும் பிடிஎச் ஹார்மோனை அள்ளிக் கொட்டும். எலும்பு கரையும், ரத்தக்குழாயிலும் இதய வால்விலும் கால்சியம் படியும். அப்படியானால் பிடிஎச்சைக் குறைத்தால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆய்வுகளில் அந்தக் கணக்கு உதைத்தது.

கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால், பாரிகால்சிடால் மூன்றும் வைட்டமின் டி வகை. பிடிஎச் இறங்கும், ஆனால் குடல் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கூடுதலாக உறிஞ்சும். 2012இல் வெளியான பிரைமோ ஆய்வில் 48 வாரம் பாரிகால்சிடால் கொடுத்தும் இதயத் தசைத் தடிப்பு குறையவில்லை. கால்சியம் குறைவாக இருப்பவருக்கு இது சரி. ஏற்கெனவே மேல் எல்லையில் நிற்பவருக்கு நான் இதை முதலில் யோசிக்க மாட்டேன்.

சினாகால்செட் வேறு ரகம். ரத்தத்தில் கால்சியம் போதுமானது என்று சுரப்பியை நம்பவைத்து அடக்கும். கால்சியமும் கூடவே இறங்கும். டயாலிசிஸில் இருந்த 3,883 பேரிடம் நடந்த எவால்வ் ஆய்வில் (2012) மரணமும் இதயப் பாதிப்புகளும் சேர்ந்து 7 சதவீதம் குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். பலர் மருந்தைப் பாதியில் விட்டதும் ஒரு காரணம். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டினால் பலன் தெரிகிறது என்கிறார்கள். எனக்குப் பாதி நம்பிக்கைதான். குமட்டல் வேறு படுத்தும்.

அதன் ஊசி வடிவத் தம்பி எடெல்கால்செடைட். டயாலிசிஸ் முடியும் நேரத்தில், வாரம் மூன்று முறை, குழாய் வழியாகவே ஏற்றிவிடுவார்கள். மாத்திரையை மறக்கும் பேச்சே இல்லை. இதையும் ஆல்ஃபாகால்சிடாலையும் 62 பேரிடம் ஓராண்டு மோதவிட்டார்கள். பிடிஎச் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அடக்கப்பட்டது. அப்படியும் எடெல்கால்செடைட் பக்கம் இதயத் தடிப்பு குறைவாகவே ஏறியது. இதயத் தசையைத் தடிக்கவைப்பதாகக் கருதப்படும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனும் இறங்கியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் என்னை யோசிக்கவைத்தது இதுதான்: பிடிஎச் ஒன்றே, இதயத்தின் கதை வேறு.

அப்புறம் அறுவை சிகிச்சை. மருந்துக்கு அடங்காமல் சுரப்பி வீங்கிவிட்டால் அதுதான் வழி. பிடிஎச் சடாரென்று விழும். உடனே பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை வாரி இழுக்கும். உதட்டோரம் மரத்துப்போகும், விரல் நுனி சுருக்கென்று குத்தும், இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் சில மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துக் கால்சியம் பார்க்கிறார்கள்.