ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்: நைட்ரஜனைக் காட்டும், பாஸ்பரஸைக் காட்டாது

மீன்தொட்டிக்காரர்களுக்காக வந்த, ஏபிஐ நிறுவனத்தின் நீர்ச் சோதனைப் பெட்டியான ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்டைக் குளத்துக்கும் வயல் வடிகாலுக்கும்கூடத் தாராளமாகக் கொண்டுபோகலாம். அதை எதுவரை நம்புவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஏழு சொட்டுப் புட்டிகள், கண்ணாடிக் குழாய்கள், ஒரு நிற அட்டை. இவற்றால் பிஎச் (அமில-காரத் தன்மை), அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கையும் பார்க்கலாம். மீன் கழிவும் அழுகும் இலையும் முதலில் அமோனியாவாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கி, கடைசியில் நைட்ரேட் மட்டும் மிஞ்சுவதைச் சில வாரங்களில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த வேலைக்கு, நீரில் நனைத்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டைகளைவிட இது எவ்வளவோ மேல்.

தொல்லை தருவது நைட்ரேட் சோதனை. 5 மி.லி. நீரில் முதல் புட்டியிலிருந்து 10 சொட்டு விட்டுக் கலக்க வேண்டும். இரண்டாம் புட்டியை 30 விநாடி பலமாகக் குலுக்கிய பிறகே அதிலிருந்து 10 சொட்டு. பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் தூள் இரண்டாம் புட்டியின் அடியில் படிந்து கிடக்கும். நிறம் தருவது அந்த நைட்ரைட்தான். குலுக்காமல் விட்டால், 40 மி.கி./லி. காட்ட வேண்டிய நீர் 5 காட்டலாம். "என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை" என்று மகிழ்பவர்கள் முதலில் புட்டியைக் குலுக்கிப் பார்க்கட்டும். 40க்கும் 80க்கும் சிவப்பில் வித்தியாசம் பிடிபடாது. அப்போது ஒரு பங்கு மாதிரியுடன் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் சோதித்து, விடையை 5ஆல் பெருக்குங்கள்.

அலகிலும் ஒரு பொறி இருக்கிறது. அட்டை நைட்ரேட் அயனியாக, அதாவது ஆக்சிஜனையும் சேர்த்து, கணக்கிடுகிறது; பல ஆய்வகங்கள் நைட்ரேட்-நைட்ரஜனாக, அதாவது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும், தருகின்றன. ஆய்வக எண்ணை 4.4ஆல் பெருக்கினால் அட்டை எண் வரும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 50 மி.கி./லி. வழிகாட்டு அளவு அயனிக் கணக்கு. ஆனாலும் குடிக்கலாமா என்பதை இந்த கிட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அது ஆய்வகத்தின் வேலை.

அமோனியா சோதனை மொத்த அமோனியாவைத்தான் சொல்லும். மீனைக் கொல்லும் வடிவம் 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் அதில் 0.6 சதவீதம், பிஎச் 8இல் 5 சதவீதம், 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாசி பிடித்த குளத்தில் பிற்பகலில் பிஎச் 9ஐத் தொடுவது சாதாரணம். காலையில் பயமில்லாத அதே அளவு மாலையில் ஆபத்து. அமோனியா, பிஎச் இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள்.

குளத்தில் நைட்ரேட் பூஜ்யம் என்றால் உரம் வந்து சேரவில்லை என்று அர்த்தமில்லை, பாசி தின்றிருக்கலாம். உரம் வழிந்து வருகிறதா என்று அறிய, நல்ல மழைக்குப் பின் சில மணி நேரத்துக்குள் குளத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் மாதிரி நீர் எடுங்கள். நடுக்குளத்து நீர் பயன்படாது.

பெரிய குறை, பாஸ்பேட் (பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவம்) சோதனை இதில் இல்லாதது. கனடாவின் 226ஆம் எண் ஏரியை 1973இல் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, இருபுறமும் நைட்ரஜனும் கார்பனும், ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போன பக்கம்தான் பச்சையானது. தனியாக பாஸ்பேட் கிட் வாங்கினாலும் அதன் நிற அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த படியே பெரும்பாலும் 0.25 மி.கி./லி.; பாசி பெருக மொத்த பாஸ்பரஸ் 0.03 போதும். போதாததற்கு, அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் பழைய பாஸ்பரஸும் நீருக்குத் திரும்பும். இந்த கிட்டின் கண்ணில் அது படவே படாது.

தொட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். குளத்துக்கு என்றால் பாதிப் படம்தான் கிடைக்கும். வாங்கும்போது பழைய சரக்கா என்று அறிய, புட்டியில் லாட் எண்ணின் (தயாரிப்புத் தொகுதி எண்) கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: தயாரித்த மாதமும் ஆண்டும் அவைதான்.